கிழக்கின் தத்துவ நூல்களை எந்த வரிசையில் படிப்பது? மலையக வாசகருக்கான முழுமையான வழிகாட்டி

கிழக்கத்தியத் தத்துவத்தையும் சமயங்களையும் படிக்க விரும்புகிறேன் என்று சொல்பவரிடம் வழக்கமாக நீட்டப்படுவது, வேதகாலம் தொடங்கி விவேகானந்தர் வரை எல்லாவற்றையும் ஒரே கட்டில் அடக்கிவிடும் வரலாற்றுச் சுருக்கம் ஒன்றுதான். பரீட்சைக்கு அது உதவும். ஆனால் அதைப் படித்து முடித்தவரிடம் சாங்கியம் என்ற பழைய இந்தியத் தத்துவப் பிரிவு என்ன சொல்கிறது என்று கேட்டால் ஒரு வரி விடை வரும். பௌத்தர்கள் அதை ஏன் ஏற்கவில்லை என்று கேட்டால் விடை வராது. இந்தத் தத்துவங்கள் ஒன்றோடொன்று வாதாடியே வளர்ந்தவை. எதிராளியின் குரலைக் கேளாமல் ஒன்றை மட்டும் படித்தால் அது வெறும் உபதேசமாகவும், எல்லாவற்றையும் மேலோட்டமாகப் படித்தால் எல்லாம் ஒன்றையே சொல்வதாகவும் தோன்றும். ஆகவே இந்த வழிகாட்டி ஒரே ஒரு முறையைப் பின்பற்றுகிறது: ஒவ்வொரு படியிலும் ஒரு நூலையும், அதே கேள்விக்கு வேறு விடை சொல்லும் இன்னொரு நூலையும் அருகருகே வைத்துப் படிப்பது.

மலையகத்தில் இருப்பவருக்கு இந்த முறை அந்நியமானதன்று. நாம் சிவனொளிபாதமலை என்று சொல்லும் 2,243 மீற்றர் உயரமான மலையைச் சிங்கள பௌத்தர்கள் ஸ்ரீ பாத என்கிறார்கள்; முஸ்லிம்களுக்கு அது ஆதம் நபியின் பாதம் பட்ட இடம். மார்கழிப் போயா முதல் வெசாக் போயா வரை நல்லதண்ணிப் பக்கத்திலிருந்து மலையேறும் கூட்டத்தில் இந்த எல்லா நம்பிக்கைகளும் ஒரே படிக்கட்டில் ஏறுகின்றன. அவற்றுக்குள் உள்ள வேறுபாடு என்ன என்பதை நூல்களின் வழியே அறிவதுதான் இங்கு சொல்லப்படும் பயிற்சி.

தொடங்குமுன்

நூல்களைப் பெறுவது முன்பிருந்த அளவுக்குக் கடினமில்லை. தமிழ் மூலநூல்கள் அநேகமாக எல்லாம் மதுரைத் திட்டத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உரைகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தையும், இலங்கையில் வெளியானவற்றுக்கு நூலகம் இணையத்தளத்தையும் பார்க்கலாம். பௌத்த நூல்களுக்குக் கண்டி நமக்கு வாய்த்த பெரும் பேறு: 1958இல் தொடங்கப்பட்ட புத்திஸ்ட் பப்ளிகேஷன் சொசைட்டி அங்கிருந்துதான் பாளி நூல்களின் மொழிபெயர்ப்புகளையும் ‘வீல்’ என்ற சிறு நூல் வரிசையையும் வெளியிட்டு வருகிறது. ஜெர்மனியிலிருந்து வந்து இலங்கையில் துறவியான ஞானபோனிக தேரர் அதன் நிறுவுநர்களில் ஒருவர். அவ்வெளியீடுகளிற் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருந்தாலும், சிறு நூல்களின் நடை க.பொ.த. உயர்தரம் வரை ஆங்கிலம் படித்தவருக்கு எட்டக்கூடியதே.

ஒரு கொப்பி அவசியம். இடப்பக்கத்தில் நூல் சொல்லும் வாதத்தையும், வலப்பக்கத்தில் அதற்கு எதிர்நூல் சொல்லும் விடையையும் எழுத வேண்டும். வலப்பக்கம் வெறுமையாக இருக்கும்வரை அந்த நூலைப் படித்து முடித்ததாகக் கருத வேண்டாம். தொலைபேசித் திரையில் செய்யுள் படிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குறைந்தபட்சம் அன்று படிக்கும் பகுதியையாவது கையால் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

முதற்படி: குறளும் தம்மபதமும்

தொடக்கத்துக்கு இரண்டும் சிறு வடிவிலானவை. திருக்குறள் பாடசாலையிலேயே அறிமுகமானது என்றாலும், பரீட்சைக்கு வரும் குறள்கள் பெரும்பாலும் கல்வி, நட்பு, இனியவை கூறல் என்ற அளவில் நின்றுவிடுகின்றன. நாம் படிக்க வேண்டியது துறவறவியலின் இறுதியிலுள்ள நான்கு அதிகாரங்கள்: நிலையாமை, துறவு, மெய்யுணர்தல், அவாவறுத்தல். 34 முதல் 37 வரையிலான இந்த அதிகாரங்களில் நாற்பதே குறள்கள் உள்ளன.

தம்மபதம் 26 வர்க்கங்களில் 423 பாடல்களைக் கொண்டது. தமிழ் மொழிபெயர்ப்புகள் பல உண்டு. முழுவதையும் ஒரே மூச்சில் படிப்பதைவிட, ஆசையைப் பற்றிய 24ஆம் வர்க்கத்தை அவாவறுத்தல் அதிகாரத்தோடு சேர்த்துப் படிப்பதே பயனுள்ளது. ஆசையே பிறவிக்கு வித்து என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. எங்கே பிரிகின்றன என்பதை வாசகரே கண்டுபிடிக்க வேண்டும். ஒரு குறிப்பு மட்டும் தரலாம்: வள்ளுவர் துறவறத்தை முடித்தவுடன் ஊழ் என்ற அதிகாரத்தை வைக்கிறார், தம்மபதத்தில் அந்த இடத்துக்கு நிகரான ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாம் படி: இறந்த பின் என்ன?

உபநிடதங்களில் முதலில் கடோபநிடதத்தை எடுத்துக்கொள்ளலாம். அது கதையாக அமைந்திருக்கிறது, அளவிலும் சிறியது. இரண்டு அத்தியாயங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று வல்லிகள். நசிகேதன் என்ற சிறுவன் யமனின் வாசலில் மூன்று இரவு உணவின்றிக் காத்திருந்து மூன்று வரம் பெறுகிறான். மூன்றாவது வரமாக, மனிதன் இறந்த பின் இருக்கிறானா இல்லையா என்று கேட்கிறான். யமன் செல்வத்தையும் நீண்ட ஆயுளையும் காட்டித் தட்டிக்கழிக்கப் பார்க்கிறான், சிறுவன் விடவில்லை. இறுதியில் அழியாத ஆன்மாவைப் பற்றிய உபதேசம் கிடைக்கிறது.

இதற்கு நேர் எதிரில் வைக்க வேண்டியது புத்தரின் உரைகளைத் தொகுத்த பாளி நூலான மஜ்ஜிம நிகாயத்தின் 63ஆம் சூத்திரம். அதில் மாலுங்கியபுத்தர் என்ற பிக்கு இதே வகையான கேள்விகளைப் புத்தரிடம் அடுக்கி, விடை சொல்லாவிட்டால் துறவையே விட்டுவிடுவேன் என்கிறார். புத்தர் விடை சொல்வதில்லை. நச்சு அம்பு தைத்த ஒருவன், அம்பை எய்தவன் யார், அவன் எந்தக் குலம், வில் எந்த மரத்தால் ஆனது என்றெல்லாம் தெரிந்த பிறகுதான் அம்பைப் பிடுங்க விடுவேன் என்று அடம்பிடித்தால் அதற்குள் செத்துப்போவான் என்பதே அவருடைய மறுமொழி. ஒரே கேள்விக்கு ஓரிடத்தில் உபதேசமும் இன்னோரிடத்தில் விடையளிக்க மறுப்பும் கிடைக்கின்றன. இந்த இரண்டையும் ஒரே வாரத்தில் படித்தவருக்கு, வேதாந்தமும் பௌத்தமும் எந்த இடத்தில் பிரிகின்றன என்பதை வேறெவரும் விளக்கத் தேவையில்லை.

கீதையை இதன் பிறகு படிக்கலாம். 18 அத்தியாயங்களில் முதல் வாசிப்புக்கு முதல் மூன்றே போதும். பாரதியாரின் தமிழாக்கம் எளிதானது. நமது தோட்டங்களில் அருச்சுனன் தபசு பார்த்து வளர்ந்தவர்களுக்கு, பாசுபதம் வாங்கத் தவம் இருந்த அருச்சுனனைத் தெரியும்; வில்லைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் அருச்சுனனையும் அவனோடு சேர்த்து நினைத்துக்கொண்டு படித்தால் போதும்.

மூன்றாம் படி: மணிமேகலை

இந்த வழிகாட்டியின் நடுநாயகம் இதுதான். தமிழில் எழுதப்பட்ட தத்துவ நூல்களில், பல தரப்புகளையும் ஒரே மேடையில் ஏற்றிப் பேசவைத்த பழைய நூல் இது. ஆனாலும் பாடசாலையில் நாம் படிப்பது ஆதிரை பிச்சையிட்டதையும் அமுதசுரபியையும் மட்டுமே. 30 காதைகளில் நமக்கு வேண்டியவை நான்கு: 11, 27, 29, 30.

பதினோராம் காதையில் மணிபல்லவத்துக் காவல் தெய்வமான தீவதிலகை, அருகிலுள்ள இரத்தினத் தீவத்தில் உயர்ந்து நிற்கும் சமந்தமலை உச்சியில் புத்தரின் பாதங்கள் உள்ளன என்றும், தான் அவற்றைத் தொழுது வலம்வந்ததாகவும் சொல்கிறாள். நாம் தினமும் பார்க்கும் அதே மலையைத்தான் அவள் சொல்கிறாள் என்பது அறிஞர்கள் பொதுவாக ஏற்கும் கருத்து. மலையகத்தில் அமர்ந்து இந்த வரிகளைப் படிக்கும்போது, பௌத்தம் வேறொரு மொழியினருடைய சமயம் என்ற எண்ணம் தானாகவே தளர்ந்துவிடும்.

27ஆம் காதையில், வஞ்சி மாநகரில் மணிமேகலை மாதவன் வேடம் பூண்டு பல சமயவாதிகளிடம் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்று பத்துப் பேர் பேசுகிறார்கள். கண்ணால் கண்டதைத் தவிர வேறெதையும் ஏற்க மாட்டேன் என்னும் பூதவாதியிடம் மட்டும் அவள் திருப்பிக் கேட்கிறாள்: உன் தாய் தந்தையர் இவர்கள்தாம் என்பதை அனுமானத்தாலன்றி எப்படி அறிந்தாய்? ஒரு பக்கம் முழுதும் எழுதி விளக்க வேண்டிய வாதம் இரண்டு அடியில் முடிகிறது.

29ஆம் காதையைப் பலரும் வறண்ட பகுதி என்று தாண்டிவிடுகிறார்கள். உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் படித்தவர்கள் இதைத் தாண்டக் கூடாது. மணிமேகலையின் பௌத்த குருவான அறவண அடிகள் இங்கே அனுமானத்தின் உறுப்புகளைப் பாடமாகச் சொல்கிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். லயத்து அடுக்களையில் ஈர விறகின் புகையைக் கண்டவருக்கு உதாரணம் எதற்கும் குறைவில்லை. அதைவிடச் சுவையானது, ஏது எப்படித் தவறும் என்று அவர் பட்டியலிடும் இடம். ஆவியா பனியா என்ற ஐயம் தீராத நிலையிலேயே அதைப் புகை என்று வைத்துக்கொண்டு நெருப்பு உண்டு என்று முடிவுகட்டுவது ஒரு குற்றம் என்கிறார். நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் விடியற்காலையில் மலைச்சரிவைப் பார்த்து, அங்கே எழுவது மூடுபனியா யாரோ மூட்டிய தீயின் புகையா என்று தடுமாறியவர்களுக்கு இந்தச் சூத்திரத்துக்கு உரை தேவையில்லை. இந்தக் காதையை மெதுவாக, உறுப்புகளைக் கொப்பியில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் படித்தால், பின்னால் வரும் சைவ சித்தாந்த நூல்கள் பாதி எளிதாகிவிடும்.

30ஆம் காதை பேதைமை முதல் வினைப்பயன் வரை, ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் பன்னிரு சார்புகளை விளக்குவது. உரைக்கு ந.மு. வேங்கடசாமி நாட்டாரின் பதிப்பைப் பார்க்கவும். அதில் 27 முதலான கடைசிக் காதைகளுக்கு ஔவை துரைசாமிப்பிள்ளை எழுதிய உரை தத்துவச் செய்திகளில் மிக நம்பகமானது.

எதிர்நூலாக நீலகேசியை வைத்துக்கொள்ளலாம். அது பௌத்த நூலான குண்டலகேசிக்கு மறுப்பாகச் சமணர் எழுதியது. குண்டலகேசி முழுமையாகக் கிடைக்கவில்லை. மறுப்பு மட்டும் எஞ்சியிருப்பது நம்முடைய இலக்கிய வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று. புத்தவாதச் சருக்கத்தை மட்டும் படித்தாலே முதல் வாசிப்புக்குப் போதும்.

நான்காம் படி: சித்தாந்தமும் அதன் எதிர்த்தரப்பும்

சைவநெறிப் பாடத்தில் பதி, பசு, பாசம் என்று மனனம் செய்தவர்கள், அந்த மூன்றும் எந்த வாதத்தால் நிறுவப்படுகின்றன என்பதை இங்கே காணலாம். சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூல்களான மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கில் தொடக்கத்துக்கு ஏற்றது மனவாசகங் கடந்தாரின் உண்மை விளக்கம். 54 பாடல்கள், மாணவன் கேட்க ஆசிரியர் சொல்லும் அமைப்பு. இதற்கு இணையாக அத்வைதத் தரப்பில் தாண்டவராய சுவாமிகளின் கைவல்லிய நவநீதம் இருக்கிறது. அதுவும் குரு சீட உரையாடலே. இரண்டு மாணவர்களும் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்; ஆசிரியர்கள் ஆன்மாவும் பரம்பொருளும் ஒன்றா, ஒன்றாமல் ஒன்றி நிற்பவையா என்ற இடத்தில் பிரிகிறார்கள். அடுத்து உமாபதி சிவாசாரியாரின் திருவருட்பயன், நூறு குறள் வெண்பாக்கள்.

மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்கள் என்பதால் எளிதென்று நினைத்துவிட வேண்டாம். மூன்றாம் சூத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்புக்குள் உடம்பல்லாத ஆன்மா ஒன்று உண்டு என்பதற்கு மெய்கண்டார் அங்கே காரணங்களை அடுக்குகிறார். அவற்றுள் ஒன்று, நாம் என் உடம்பு என்று சொல்கிறோம் என்பது. என் உடம்பு என்று உரிமை பாராட்டுபவர் அந்த உடம்பிலிருந்து வேறானவராகத்தான் இருக்க வேண்டும். இந்த இடத்தில் சூத்திரத்தை மூடிவைத்துவிட்டு, பாளி நூலான மிலிந்த பஞ்ஹத்தின் தொடக்கத்தைத் திறக்க வேண்டும். கிரேக்க மன்னன் மிலிந்தனிடம் நாகசேனர், நீ ஏறி வந்த தேர் எது என்று கேட்கிறார். அச்சா? சக்கரமா? நுகமா? எதுவுமில்லை, இவையெல்லாம் சேர்ந்த கூட்டத்துக்குத் தேர் என்பது ஒரு பெயர், நாகசேனன் என்பதும் அப்படியே என்கிறார். அப்படியானால் என் தேர், என் சக்கரம் என்ற பேச்சிலிருந்து தேருக்கு வேறான ஒரு பொருளை நிறுவ முடியுமா? மெய்கண்டார் தரப்பு இதற்கு என்ன சொல்லும்? பல மாதப் படிப்பில் எனக்கு மிகவும் பிடித்த இணை இதுவே. கொப்பியின் இரண்டு பக்கங்களும் இங்கே நிறைந்துவிடும்.

அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் கடைசியாக வரட்டும். அதன் பரபக்கம் பொருள்முதல்வாதியான உலகாயதன் தொடங்கி நான்கு பௌத்தத் தரப்புகள், நிகண்டவாதி, மாயாவாதி, பாஞ்சராத்திரி எனப் பதினான்கு தரப்புகளை, முதலில் அவர்கள் கொள்கையைச் சொல்லிப் பிறகு மறுக்கிறது. பௌத்தம் பற்றிய பகுதியைப் படிக்கும்போது, இந்த மறுப்பை ஒரு பௌத்தர் நியாயமானதென்று ஒப்புக்கொள்வாரா என்ற கேள்வியை மறக்கக் கூடாது.

ஐந்தாம் படி: பாளி நூல்களுக்குள்

பௌத்த மூலநூல்களின் தொகுதியான திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்டது மாத்தளைக்கு அருகேயுள்ள அலுவிகாரையில் என்பது மரபு. ஒரு பஸ் பயணத் தொலைவில் இருக்கும் அந்த இடத்தை நம்மவர்கள் பலர் முத்துமாரியம்மன் தேருக்கு மாத்தளை போகும்போதுகூட எட்டிப் பார்ப்பதில்லை.

தேர்ந்தெடுத்துப் படிக்கச் சில: தம்மசக்கப் பவத்தன சூத்திரம், அனத்தலக்கண சூத்திரம், இல்லறத்தாருக்கான சிகாலோவாத சூத்திரம், காலாம சூத்திரம். காலாம சூத்திரத்தை எதையும் நம்பாதே என்ற ஒரு வரிச் சுவரொட்டியாக்கிப் பரப்புகிறார்கள். முழுதாகப் படித்தால், அறிவுடையோர் பழிப்பது எது, புகழ்வது எது என்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்வது தெரியும். அனுராதபுரத்தில் ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகோசர் எழுதிய விசுத்திமார்க்கம் பெருநூல். சீலம் பற்றிய முதல் அத்தியாயத்தோடு இப்போதைக்கு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆறாம் படி: காமன் கூத்தும் அம்பேத்கரும்

இதுவரை சொன்னவை எல்லாம் எழுத்தில் இருப்பவை. ஆனால் தோட்டத்துச் சமயம் பெரும்பாலும் ஏட்டில் ஏறாதது. தேயிலைத் தொழிற்சாலையில் ரோதை முனிக்குப் பூசை போடுபவர் எந்தச் சாத்திரத்தையும் மேற்கோள் காட்டுவதில்லை. மாசியில் காமன் கூத்துப் பாடும் வாத்தியாரிடம் உள்ள பாட்டுக்கொப்பியையும் இந்த வாசிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிவன் எரித்த காமனுக்காக ரதி அழுவதைக் கேட்டபின், அசுவகோஷரின் புத்தசரிதத்தில் 13ஆம் சருக்கத்தைப் படியுங்கள். போதிமரத்தடியில் புத்தரைத் தாக்க வரும் மாரனை உலகம் காமதேவன் என்று அழைக்கிறது என்கிறார் கவி. ஒரு கதையில் காமன் எரிந்து சாம்பலாகி மீண்டும் எழுகிறான். இன்னொன்றில் தோற்று ஓடுகிறான்.

புத்தசரிதத்தின் மூன்றாம் சருக்கத்தில், முதியவர், நோயாளி, பிணம் ஆகியோரைக் கண்டு சித்தார்த்தர் கலங்கிய கதை வருகிறது. அதற்கு எதிரில் அம்பேத்கரின் ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலை வைக்க வேண்டும். பெரியார்தாசனின் தமிழாக்கம் உண்டு. இருபத்தொன்பது வயது வரை ஒருவர் முதுமையையும் சாவையும் காணாமல் இருந்திருக்க முடியுமா என்று அம்பேத்கர் கேட்கிறார்; ரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியரும் கோலியரும் சண்டையிட முற்பட்டதே துறவுக்குக் காரணம் என்கிறார். நூல் அவர் மறைந்த பின் 1957இல் வெளிவந்தது. அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே, 1898இல் கொழும்புக்கு வந்து பஞ்சசீலம் ஏற்ற தமிழ்ப் பௌத்த முன்னோடி அயோத்திதாசரின் எழுத்துகளும் இங்கேதான் சேரும். வரலாற்றுத் தகவல்களில் அவரைக் கவனத்தோடு படிக்க வேண்டும். ஆனால் சாதியை ஒதுக்கிவைத்துவிட்டுச் சமயம் படிப்பதாகச் சொல்லும் பழக்கத்தை, கோயில் திருவிழாவில் எந்த லயத்துக்கு எந்த நாள் என்பதில் சண்டை பார்த்த நாம் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை.

ஏழாம் படி: சுருக்கமாகச் சில

தாயுமானவரின் பராபரக்கண்ணியையும் குணங்குடி மஸ்தான் சாகிபுவின் பராபரக்கண்ணியையும் மாறி மாறி வாய்விட்டுப் படிக்கலாம். சூபி மரபுக்குள் போக இதைவிட எளிய தமிழ் வாசல் இல்லை.

சீனத் தத்துவத்துக்குச் சி. மணியின் தமிழில் தாவோ தே ஜிங், 81 சிறு பகுதிகள். எதிரில் கன்பூசியஸின் உரையாடல்கள். ஒருவர் சடங்கையும் முறையையும் உயர்த்த, மற்றவர் அவற்றைத் தளர்த்துகிறார். ஸென் என்ற கிழக்காசியப் பௌத்தத் தியான மரபைத் தேடுவோருக்கு ஒரு செய்தி: தியானத்தில் தூங்காமலிருக்கப் போதிதருமர் வெட்டி எறிந்த இமைகளே தேயிலைச் செடியாக முளைத்தன என்று ஒரு கிழக்காசியக் கதை உண்டு. கொழுந்து பறிக்கும் நம் வீட்டுப் பெண்களிடம் இதைச் சொன்னால் என்ன சொல்வார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

வட்டமாகப் படிப்பது

தனியாகப் படிப்பதைவிட நான்கைந்து பேர் சேர்ந்து, போயா விடுமுறை நாளில் வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ ஒன்றரை மணி நேரம் படிப்பது மேல். ஒரே நிபந்தனை: ஒருவர் நூலின் தரப்பையும் இன்னொருவர் எதிர்நூலின் தரப்பையும் பேச வேண்டும், அடுத்த போயாவுக்கு இருவரும் தரப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். பௌத்த நூல்களுக்கு ஒரு சிங்கள நண்பரை அழைத்துக்கொண்டால் பாளிச் சொற்கள் அவருக்குப் பழகியவை என்பதால் வேலை விரைவாக நடக்கும்.

வரலாற்றுச் சுருக்கங்களின் இடம் இதற்குப் பிறகுதான். இராதாகிருஷ்ணனின் இரு தொகுதிகளையோ 1932இல் வெளிவந்த ஹிரியண்ணாவின் நூலையோ எடுத்து, ஏற்கெனவே மூலத்தில் படித்த தரப்புகளின் அத்தியாயங்களை முதலில் பார்த்து, விடுபட்டதைக் கொப்பியோடு ஒப்பிட்டுக் குறிக்க வேண்டும். ஆழமாகப் போக விரும்புபவர், பேராதனையில் பேராசிரியராக இருந்த கே.என். ஜயதிலக்க 1963இல் வெளியிட்ட ஆதி பௌத்த அறிவாராய்ச்சி நூலைத் தேடிப் பிடிக்கலாம். அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டது, கடினமானது. ஆனால் மணிமேகலை 27ஆம் காதையில் அளவைவாதியையும் பூதவாதியையும் சந்தித்துவிட்டு வந்தவருக்கு, அதில் வரும் ஐயவாதிகளும் உலகாயதரும் புதிய முகங்களாக இருக்க மாட்டார்கள்.